முதலில் குழாயைப் பாருங்கள்

உங்களிடம் பழைய டீசல் கார் இருக்கிறதா? டர்போ வைத்த வண்டியா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

சமதரையில் நன்றாக ஓடுகிறது. மேடு வந்தால் இழுக்க மறுக்கிறது. பின்னால் கரும்புகை. உடனே பயந்துவிடுகிறோம், டர்போ போய்விட்டதென்று. பொறுங்கள். முதலில் குழாயைப் பாருங்கள்.

விறகடுப்பை ஊதுகுழலால் ஊதியிருப்பீர்கள். குழலின் நடுவில் ஓட்டை விழுந்தால்? எவ்வளவு மூச்சுப் பிடித்து ஊதினாலும் அடுப்பு புகையத்தான் செய்யும். டர்போவும் ஊதுகுழல்தான். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் வேகத்தில் காற்று அமுக்கப்பட்டு எஞ்சினுக்குள் போகிறது. அது போகும் வழியில் ரப்பர் குழாய்கள். வயதானால் அவை வெடிக்கும். கிளாம்ப் தளரும்.

என் பழைய வண்டிக்கும் இதே தொல்லை. புது டர்போதான் போட வேண்டும் என்றார்கள். பெரியவர் ஒருவர், அனுபவப்பட்ட மெக்கானிக், உள்ளே கையைவிட்டுக் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவினார். விரலில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. அங்கேதான் இருந்தது கீறல், நகம் நுழையும் அளவுக்கு. குழாயை மட்டும் மாற்றினோம். வண்டி மேடேறியது.

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது 'உஸ்' என்று சீறுகிறதா? அதுவும் குழாய் ஓட்டையாக இருக்கலாம். டர்போவுக்குப் போகும் மெல்லிய வாக்குவம் குழாய்களையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

நீலப்புகை வந்தால் மட்டும் கதை வேறு. ஆயில் எரிகிறது. டர்போவின் சீல் தேய்ந்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. குழாயைத் தொடுவதென்றால், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தொடுங்கள்.