மறுபடியும் வெளிநாட்டுக்குப் பாடம் நடத்தப் போகலாமா?

(சின்னசேலத்தில் ஆசிரியர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

இங்கே இருக்கிற ஐயா, அம்மா எல்லாருமே எனக்குப் பாடம் நடத்தியவர்களின் வயதில் இருக்கீங்க. அதனால் அறிவுரை சொல்ல வரலை. உங்களுக்குப் பயன்படும் தகவல்களை மட்டும் சொல்றேன்.

வெளிநாட்டு வகுப்பறை நம்ம ஆசிரியர்களுக்குப் புதுசு இல்லை. எத்தியோப்பியாவில் பேரரசர் ஹெய்லி செலாசி காலத்திலேயே இந்திய ஆசிரியர்கள் வேலை பார்த்தார்கள். மாலத்தீவுப் பள்ளிகளில் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப் போய்ச் சம்பாதித்து, ஊரில் வீடு கட்டி, பிள்ளைகளைக் கரை சேர்த்தவர்களுக்கு அறுபதை நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் மறுபடியும் அழைப்பு வருது: "ரெண்டு வருஷம்தான் சார், வாங்க."

போவதும் போகாததும் உங்கள் முடிவு. ஆனால் முப்பத்தைந்து வயசில் போட்ட கணக்கு அறுபதில் அப்படியே பொருந்தாது.

முதலில் உடம்பு. மாலத்தீவு 1,192 தீவுகள் கொண்ட நாடு. உங்கள் பள்ளி தலைநகர் மாலேயில் இருக்குமா, படகில் போகவேண்டிய சின்னத் தீவிலா? ராத்திரி நெஞ்சு வலித்தால் எந்த மருத்துவமனை? இங்கே ஓய்வூதியர் காப்பீட்டில் கிடைக்கும் சிகிச்சை அங்கே கிடைக்காது. பள்ளி தரும் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கும் இடம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து ஒப்பந்தம். பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு, வேலைக்குப் புறப்படும் முன் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. வசதிதான். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை எந்த அரசு அலுவலரும் சரிபார்த்திருக்க மாட்டார் என்பதும் அதற்குள் இருக்கு. எனவே நீங்கதான் பார்க்கணும்.

• ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள்.
• அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே நிறுத்திடுங்க.
• "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்றால் போகாதீங்க.
• வேலை விசாவுக்கு அந்த நாட்டில் வயது வரம்பு என்ன, துணைவருக்கு விசா உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் இணையதளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது, காகிதங்கள். பட்டச் சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் கேட்பார்கள். முறை நாட்டுக்கு நாடு மாறும். இ-சனத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். காவல்துறை சான்றை பாஸ்போர்ட் சேவா மூலம் பெறலாம். கட்டணம் 500 ரூபாய். பழைய பாஸ்போர்ட்டில் எவ்வளவு காலம் மிச்சம் என்பதையும் பாருங்க.

நான்காவது, ஓய்வூதியம். வருடாந்திர நேர்காணல் மாதத்தில் நீங்கள் வெளிநாட்டில் இருக்கலாம். அப்போது இந்தியத் தூதரக அலுவலரிடம் வாழ்நாள் சான்று பெற்று அனுப்பலாம். புறப்படும் முன் கருவூலத்தில் சொல்லி, படிவத்தைக் கையோடு வாங்கிட்டுப் போங்க. சேமிப்புக் கணக்கையும் வங்கியில் சொல்லி என்ஆர்ஓ கணக்காக மாற்றணும்.

கடைசியாக, வீடு. தனியார் பள்ளியில் பென்ஷன் இல்லாமல் ஓய்வு பெற்றவருக்கு அந்த இரண்டு வருஷச் சம்பளம் முதுமைக்கே முதலாக இருக்கலாம். அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் அதே இரண்டு வருஷம், வீட்டில் தனியாக இருக்கிற துணைவருக்கும் இரண்டு வருஷம்தான். கணக்கை இருவரும் சேர்ந்து போடுங்க. எவ்வளவு சேர்ந்ததும் திரும்புவீர்கள், எந்த மாதம் திரும்புவீர்கள் என்று போகும் முன்பே எழுதி வையுங்கள். தேதி குறிக்காமல் போனால், "இன்னும் ஒரு வருஷம்" என்பது நீண்டுகொண்டே போகும்.

பணத் தேவை பெரிதாக இல்லை, பாடம் நடத்தும் ஆசைதான் என்றால், ஊரை விட்டுப் போகாமலும் வழி உண்டு. அயலகத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பணியைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் செய்கிறது. தமிழாசிரியர்கள் அதன் தளத்தைப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793. ஏஜென்டுக்குப் பதில் சொல்லும் முன், அந்த எண்ணுக்கு ஒரு போன் போடுங்க.