தீப்பொறியைத் தேடும் முறை



1968-இல் யமஹா நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட டிடி-1 என்னும் மோட்டார் சைக்கிள் கரடுமுரடான மண் பாதைகளுக்கென்றே அமைந்தது. இயந்திரத்தோடு சுழலும் மேக்னெட்டோவே அதற்குத் தீப்பொறி தருவது. பழமையைப் போற்றி அதனை இன்றும் ஓட்டுவோர் உளர். பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த அவ்வண்டி, உதைத்தும் கிளம்பாவிடில் செய்வது யாது?

முதலில் பிளக்கை நோக்குக. கரியும் எண்ணெயும் படிந்திருப்பின் புதியது மாட்டுக. அடுத்து, சாவி சுவிட்சின் கம்பியைப் பிரித்துச் சோதிக்க. பொறி எழுந்தால் குறை சுவிட்சினுடையது. எழாவிடில் பாயிண்டுகளைக் காண்க. அவற்றின் முகத்தில் படிந்த மாசு மின்னோட்டத்தைத் தடுக்கும். துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் அமைக்க. பாயிண்டுகள் விரைவில் கருகினால் கண்டென்சரை ஐயுறுக. குளிர்ந்தபோது ஓடிச் சூடேறியதும் நின்றால் காயிலையும் சோதிக்க.

பல்லாண்டு ஆசிரியனாயிருந்த நான் வற்புறுத்துவது ஒன்றே: ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றினாலும் வண்டி ஓடக்கூடும். ஆயின் நோய் எதுவென்று அறியமாட்டீர்கள். மறுமுறை அது நடுக்காட்டில் நிற்கும்போது, அந்த அறியாமையே உங்களை நடக்கவைக்கும்.