சமய நம்பிக்கையும் பொறுப்பும்



ஒரு நம்பிக்கை தக்கதா என்பதைச் சான்று மட்டும் முடிவு செய்யுமா? அன்றி, அதனால் விளையும் நன்மை தீமைகளையும் கருதவேண்டுமா? இவ்வினாவையே நாம் இன்று ஆராய்கிறோம்.

பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களைக் கடல்நீர் புகாமல் காப்பது கரையோர மண்ணணை. 'அணை உறுதியாகவே உள்ளது' என்று ஒருவர் சொன்னால், பேச்சுக்கிடையே நாம் அதை நம்பிவிடலாம். பேரோதம் வரும் நாளில் அணைக்குப் பொறுப்பானவர் அவ்வாறு நம்புதல் தகாது. நடந்து சென்று பார்த்தாக வேண்டும். இழப்பு பெரிதாகும்போது வேண்டப்படும் சான்றும் பெரிதாகிறது.

1877இல் ஆங்கில அறிஞர் கிளிஃபர்ட் இதனையொத்த உவமை ஒன்றைக் கூறினார். பழைய கப்பலைச் சோதியாமல், அது பாதுகாப்பானதென நம்பிப் பயணிகளை அனுப்பிய உரிமையாளர், கப்பல் கரைசேர்ந்திருப்பினும் குற்றவாளியே என்றார். 1896இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு மறுமொழி தந்தார். சான்றால் தீராததும், ஒத்திவைக்க இயலாததும், வாழ்வையே மாற்றுவதுமான வினாவில் உள்ளம் துணிந்து நம்புவதும் முறையே என்பது அவர் கொள்கை.

நம் மரபும் இதனை அறியும். சிவஞான சித்தியார் சுபக்கம் தொடக்கத்திலேயே அளவைகளை ஆராய்கிறது. தருமசேனராய்ச் சமணத்தில் விளங்கிய அப்பரடிகள், சூலைநோய் தாளாது தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகையில் நலம்பெற்றார் என்கிறது பெரியபுராணம். வலி சான்றாகுமா? ஆகாது, அது தேடத் தூண்டுவது மட்டுமே. ஆயின் பின்னர் நீற்றறையிலும், கல்லோடு பிணித்துக் கடலிலும் இடப்பட்டபோது, தம் நம்பிக்கையின் விலையை அவர் தாமே கொடுத்தார், பிறர்மேல் சுமத்தவில்லை.

இங்கேதான் அறம் நுழைகிறது. காய்ச்சலில் வாடும் குழந்தைக்காகத் தாய் தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறாள். அந்நம்பிக்கை அவளுக்குத் திடம் தருகிறது. அதைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. 'அம்மன் காப்பாள்' என்று மருத்துவமனையைத் தவிர்த்தால், அவள் பணயம் வைப்பது தன் உயிரையன்று, குழந்தையின் உயிரை. அப்போது அணைக்காவலரிடம் கேட்ட சான்றையே அவளிடமும் கேட்கவேண்டும்.

ஆகவே, பயன் ஒரு நம்பிக்கையை உண்மையாக்காது. எவ்வளவு சான்று வேண்டும் என்பதையே அது உணர்த்தும். தன்னளவில் துணிவோர்க்கு ஜேம்ஸின் வழி திறந்துள்ளது. பிறர் உயிர் கையிலிருக்குமாயின் கிளிஃபர்டின் வழியே நமக்கு உரியது. மாணவர்கள் இவ்வேறுபாட்டை வகுப்பறையில் மேலும் விவாதிக்க வேண்டுகிறோம்.