நெஞ்சுச் சளி இதயத்தையும் தொடும்
(அடி அண்ணாமலையில் நடந்த குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)



சளி, இருமல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கஷாயம் வைத்துக் குடிக்கிறோம். மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போடுகிறோம். "பௌர்ணமி வருது, கிரிவலப் பாதையில கடை போடணும், அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடுகிறோம். ஆனால் நோய் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகிவிட்டால், கெடுவது நுரையீரல் மட்டும் இல்லை.

நுரையீரல் ரத்தத்துக்குப் பிராணவாயு கொடுக்கிறது. இதயம் அந்த ரத்தத்தை உடம்பெல்லாம் அனுப்புகிறது. நுரையீரலில் நீரும் சீழும் சேர்ந்தால் பிராணவாயு குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்துக் களைத்துப் போகும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, முதல் 30 நாளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் ஆபத்து சுமார் 4 மடங்கு என்று 2015ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அதனால் காய்ச்சல் விட்டதுமே மாமியாரைக் களை எடுக்க அனுப்பக் கூடாது. நாமும் ஓடக் கூடாது.

காசநோயும் இப்படித்தான். இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்துக்கொள்ளலாம். நுரையீரல் ரொம்பப் பழுதானால் இதயத்தின் வலது பக்கம் சோர்ந்து கால் வீங்கும். தமிழ்நாட்டில் 2022ல் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கினார்கள். நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், பிராணவாயு அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை:

* 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை. காசு இல்லை.
* காசநோய் மாத்திரையை, உடம்பு தேறினாலும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.
* மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாவது, பெரியவர்களுக்குத் திடீர்னு புத்தி தடுமாறுவது இருந்தால் உடனே 108.

சகோதரிகளே, கூலி போயிடும், தவணை நின்னுடும் என்ற பயத்தில்தான் நம்மில் பலர் நோயை மறைக்கிறோம். அந்தப் பயத்தைப் போக்க குழுவால் முடியும். நோயில் இருக்கும் உறுப்பினருக்குத் தவணையைத் தள்ளி வைப்போம் என்று தீர்மான நோட்டில் எழுதுவோம். ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் துணைக்குப் போவோம். கடனைப் பிறகு கட்டலாம், உயிரைத் திரும்ப வாங்க முடியாது.