பெயர் கேளாத கஞ்சி

   

கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை பற்றி நமக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு இருக்கிறது. உங்களில் பலர் அதில் பாதியையாவது கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். இதில் யாருக்கும் ஐயமில்லை. அதைக் கிறிஸ்தவத் தொண்டு எனலாமா என்பதே சச்சரவு. அது வெறும் மனிதநேயம், சமயத்துக்கு அதில் வேலையில்லை என்று நண்பர்கள் சிலர் எழுதிவருகிறார்கள். 1878இல் வெளிவந்த அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ எந்தச் சமயத்தின் தெய்வத்தையும் பெயர் சொல்லிப் பாடாததைச் சான்றாகக் காட்டுகிறார்கள். திருச்சபை வரலாறு எழுதும் நண்பர்களோ, யாரையும் மதத்துக்கு அழைத்து வராத கஞ்சியைப் பெரிதாக எண்ணுவதில்லை. இரு தரப்பையும் இன்று மறுக்க வந்திருக்கிறேன். பெயர் சொல்லாமலும் பெயர் கேளாமலும் வார்த்த கஞ்சி என்பதாலேயே அது கிறிஸ்தவ அருள்.

அவர் வாழ்ந்த மாயூரத்தை எண்ணிப் பாருங்கள். காவிரிப் பாசன ஊர். வானம் பொய்த்த மாவட்டங்களைப் போல வயல் முழுதும் வெடித்துக் கிடக்கவில்லை. ஆனால் தானிய விலை ஏறிக்கொண்டே போனது. நிலமுடையவனுக்குக் குதிரில் நெல் இருந்தது. உடலுழைப்பை மட்டுமே நம்பியவனுக்கு அந்த விலையில் ஒரு படி வாங்க வழியில்லை. பஞ்சம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது, நெல் இருக்கும் ஊரிலேயே. பிள்ளை அப்போது முன்சீப் வேலையை விட்டு ஓய்ந்திருந்தார். சர்க்கார் பணமோ சபைப் பணமோ அவர் கையில் இல்லை. வந்தவர்களுக்குத் தம் பொருளிலிருந்தே கஞ்சி வார்த்தார்.

இதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சி கோபாலகிருஷ்ண பாரதியார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ தந்த சிவபக்தர். பிள்ளையின் சமயத்தைச் சேராதவர். அவரிடம் பதவியோ பரிசோ எதிர்பார்த்து நின்றவருமல்லர். அவர் இந்தக் கஞ்சியைக் கண்டு உருகி, ஒரு கத்தோலிக்கரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனுக்காக அழுத நெஞ்சு அது. சாதி கேட்டு, சமயம் கேட்டு வார்த்த கஞ்சியாக இருந்தால் அந்த நெஞ்சு பாடியிருக்குமா? ஒரு கீர்த்தனையைச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: கொடுத்தவரோ அவருடைய சபையோ எழுதிவைத்த அறிக்கையைவிட, வேற்றுச் சமயத்தார் மனமுவந்து பாடிய பாட்டை நான் அதிகம் நம்புகிறேன்.

அதே பஞ்சத்தில் அரசு எப்படிக் கொடுத்தது? வைசிராய் லிட்டன் பிரபு 1877இல் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். அது ஏறத்தாழ 450 கிராம். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதினார். தகுதியைச் சோதித்த பிறகே சோறு என்பது அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. பிள்ளை வீட்டு வாசலில் சோதனையே இல்லை.

இனி, கிறிஸ்துவின் பெயர் எங்கே என்ற கேள்வி. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் அரசரின் வலப்பக்கம் நிற்பவர்கள் வியப்படைகிறார்கள். பசித்தவருக்கு உணவிட்டபோது தாங்கள் யாருக்கு இட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இட்டதுதான் அங்கே ஏற்கப்படுகிறது. பெயர் சொல்லாததை நம்பிக்கையின்மைக்கு அடையாளமாக்கும் என் நண்பர்கள் இந்த அதிகாரத்தை மறுபடி வாசிக்க வேண்டும். தம் சமயத்தைச் சொல்லக் கூசியவருமல்லர் பிள்ளை. தேவமாதா மீது அந்தாதி பாடியவர். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரைப் போற்றியதும் அதே கைதான். இரண்டுக்கும் இடையே அவர் முரண் காணவில்லை.

மதத்துக்கு ஆள் சேர்ப்பதையே அளவுகோலாக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். திருநெல்வேலியில் அதே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஆங்கிலிகன் சபைகளில் சேர்ந்தார்கள். கால்டுவெல்லும் சார்ஜெண்டும் ஆயர்களாயிருந்த காலம். சோற்றுக்காகச் சேர்ந்தார்களா என்ற கேள்விக்கு இன்று நேரமில்லை. பசித்தவனின் நோக்கத்தை ஆராய நாம் காட்டும் ஊக்கத்தில் பாதியைக் கொடுத்தவனின் நோக்கத்தில் காட்டலாம் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

மாணவர்கள் செய்ய வேண்டியவை பல. அக்காலக் கஞ்சித்தொட்டிகளை ஊர்வாரியாகத் தொகுக்க வேண்டும். மடங்களின் கணக்குச் சுவடிகளையும் பங்குக் கோயில்களின் அடக்கப் பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். பிள்ளையின் கீர்த்தனைகளில் பஞ்சத்தைப் பற்றியவற்றைத் தனியே பிரித்துக் கால வரிசையில் அமைக்கலாம். பஞ்சக் கும்மிகள், சிந்துகள் இன்னும் பதிப்பாகாமல் கிடக்கக்கூடும். கஞ்சி காய்ச்சிய பெண்களைப் பற்றி நம்மில் யாரும் எழுதவில்லை. அங்கிருந்து யாராவது தொடங்கலாம்.