அந்தப் பக்கம் ஜோலி இல்லை

தாம்பரத்தில் பல வருஷமாகக் குடியிருக்கிற ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். திருப்பதி போயிருப்பார், சிங்கப்பூர்கூடப் போயிருப்பார். திருவொற்றியூர்? "அந்தப் பக்கம் நமக்கு ஜோலியே இல்லையே சார்" என்பார்.

அதுதான் விஷயம். சொந்த ஊருக்குள் நாம் சுற்றிப் பார்க்கக் கிளம்புவதில்லை. ஆபீஸ், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று காரியம் இருந்தால்தான் செருப்பை மாட்டுவோம். ரயிலும் அப்படியே பழக்கிவிட்டது. தாம்பரத்திலிருந்து வரும் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை பீச் ஸ்டேஷனோடு நின்றுவிடும். சென்னையும் அங்கேயே முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். போதாக்குறைக்கு, வடசென்னை என்றாலே சினிமா காட்டிய அரிவாள்தான் கண்முன் வருகிறது.

அங்கேதான் 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம்! காசிமேட்டில் விடியற்காலையிலேயே வஞ்சிரம் ஏலம் சூடுபிடித்துவிடும். திருவொற்றியூர்க் கடலோரம் பட்டினத்தார் சமாதி.

2021-இலிருந்து விமான நிலையத்தில் ஏறினால் விம்கோ நகர் வரை ஒரே மெட்ரோ, மாறி ஏற வேண்டாம். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் தியாகராஜர் கோயில் நடக்கிற தூரம்தான்.