சட்டம் எழுதினால் மட்டும் போதுமா? – ஜெனரல் கிராண்ட் வாழ்க்கை தரும் பாடம்



அமெரிக்க ஜெனரல் கிராண்டைப் பற்றி இன்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. கிடைத்த புத்தகத்தைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்து கொண்டவன். ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

சண்டையில் ஜெயித்தவரைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. அந்த வேலைக்குப் புலவர்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய 40 லட்சம் மனிதர்கள் ஆடுமாடு போல் விலைக்கு விற்கப்பட்ட ஒரு தேசத்தில், அந்த அடிமைத்தனம் எப்படி ஒழிந்தது, ஒழிந்தபிறகு வேறு வேஷம் போட்டுக் கொண்டு எப்படித் திரும்பி வந்தது என்பதை இவருடைய வாழ்க்கையைக் கொண்டு அறியலாம். அதற்காகவே பேச ஒப்புக் கொண்டேன்.

தோல் பதனிடுகிறவர் மகன்

யூலிசஸ் கிராண்ட் 1822-ல் ஓஹியோ மாகாணத்தில் பிறந்தார். தகப்பனார் தோல் பதனிடுகிறவர். அந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் என்ன மரியாதை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் அது நாற்றம் பிடித்த வேலைதான். பிள்ளைக்கும் அது பிடிக்கவேயில்லை. ஆனால் தோல் பதனிடுகிறவன் பிள்ளை அதிலேயே கிடந்து சாக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் அங்கே வெள்ளையருக்குள் விதிக்கவில்லை. தகப்பனார் முயற்சியால் சர்க்கார் செலவில் ராணுவக் கல்லூரியில் படித்து, 1843-ல் தேறினார். பிறகு மெக்சிகோ சண்டைக்குப் போனார். அது பலமுள்ள நாடு பலவீனமான நாட்டின்மேல் நடத்திய அநியாயச் சண்டை என்று பிற்காலத்தில் தாமே எழுதினார்.

1854-ல் உத்தியோகத்தை விட்டார். விவசாயம் செய்தார், நஷ்டம். செயிண்ட் லூயி தெருக்களில் விறகு விற்றார். கடியாரம் அடகுக்குப் போயிற்று. அவருடைய மாமனார் அடிமைகளை வைத்திருந்தவர். கிராண்டும் வில்லியம் ஜோன்ஸ் என்ற ஒரு அடிமைக்கு எஜமானராயிருந்தார். இதை மறைக்க வேண்டியதில்லை. அந்த மனிதனை விற்றிருந்தால் நல்ல தொகை கைக்கு வந்திருக்கும், கடனும் தீர்ந்திருக்கும். அப்படிச் செய்யாமல் 1859-ல் கோர்ட்டில் பத்திரம் எழுதிக் கொடுத்து அவனை விடுதலை செய்தார். பணமுள்ள காலத்தில் தருமம் பேசுகிறவர்கள் அநேகர். கையில் காசில்லாத காலத்தில் செய்ததுதான் கணக்கு.

யுத்தம்

1861-ல் யுத்தம் மூண்ட போது அவர் தகப்பனாரின் தோல் கடையில் வேலை பார்த்துக் கொண்டிருந்தார். தெற்கே 11 மாகாணங்கள் பிரிந்து போய்த் தனி சர்க்கார் வைத்தன. மாகாண உரிமைக்காகச் சண்டை போட்டோம் என்று பிற்பாடு சொன்னார்கள். என்ன உரிமை? மனிதனை மனிதன் விற்கிற உரிமைதானே!

கிராண்ட் மறுபடியும் பட்டாளத்தில் சேர்ந்தார். 1863 ஜூலை 4-ந் தேதி விக்ஸ்பர்க் கோட்டை விழுந்தது. சுமார் 29,000 எதிரிச் சிப்பாய்கள் சரணடைந்தார்கள். 1864-ல் லிங்கன் அவரைச் சேனைகள் முழுமைக்கும் தலைவராக்கினார். 1865 ஏப்ரல் 9-ந் தேதி தென்னாட்டுச் சேனாதிபதி லீ அவரிடம் சரணடைந்தார். தோற்ற சிப்பாய்கள் உழவுக்காகத் தங்கள் குதிரைகளை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று கிராண்ட் அனுமதித்தார். இந்த வெற்றிக்கு கடவுள் காரணம் என்று பாதிரிமார்கள் சொன்னார்கள். வடக்குச் சேனையில் சுமார் 1,80,000 கறுப்புச் சிப்பாய்கள் இருந்தார்கள் என்பதை நாம் சொல்லுவோம்.

அவர் செய்த தப்பிதத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1862 டிசம்பரில், யூதர்கள் எல்லோரும் தம்முடைய ராணுவ எல்லையை விட்டு வெளியேற வேண்டுமென்று உத்தரவு போட்டார். சில வியாபாரிகள் செய்த குற்றத்துக்காக ஒரு ஜாதியையே தண்டிப்பது எவ்வளவு அக்கிரமம்! லிங்கன் அந்த உத்தரவை ரத்து செய்தார். பெரிய மனிதரென்றால் தப்பே செய்யாதவர் என்று எண்ணுவது பக்தர்கள் புத்தி. நமக்கு அது வேண்டாம்.

ஜனாதிபதி செய்த காரியம்

1869 முதல் 1877 வரை கிராண்ட் ஜனாதிபதியாயிருந்தார். 1870-ல் அரசியல் சட்டத்தின் 15-வது திருத்தம் நிறைவேறிற்று. நிறத்தைக் காரணமாகக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் வந்துவிட்டது, ஆனால் எஜமானர்கள் சும்மா இருப்பார்களா? கூ க்ளக்ஸ் கிளான் என்று ஒரு ரகசியக் கூட்டம் ஏற்கெனவே இருந்தது. முகமூடி போட்டுக் கொண்டு ராத்திரியில் வருவது, ஓட்டுப் போட்ட கறுப்பு மனிதனைச் சவுக்கால் அடிப்பது, கொல்லுவது, பள்ளிக்கூடத்தைக் கொளுத்துவது. சாட்சி சொல்ல ஆளில்லை. தண்டிக்க ஜூரி இல்லை.

கிராண்ட் 1871-ல் அதற்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றுவித்தார். தென் கரோலினாவில் 9 ஜில்லாக்களில் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை எடுத்துக் கொண்டு பட்டாளத்தை அனுப்பினார். நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். அந்த வழக்குகளை முன்னின்று நடத்திய அட்டர்னி ஜெனரல் ஏக்கர்மன், ஒரு காலத்தில் தென்னாட்டுப் பக்கமாக நின்றவர் என்பதைக் கவனியுங்கள். மனிதன் புத்தியை உபயோகித்தால் மாற முடியும். ஒரு வருஷத்துக்குள் கிளான் ஒடுங்கிற்று.

1875-ல் இன்னொரு யோசனையும் சொன்னார். சர்க்கார் பள்ளிக்கூடங்களில் மதப் போதனை கூடாது. பள்ளிக்கூடப் பணம் எந்த மதக் கூட்டத்துக்கும் போகக் கூடாது. வரியில்லாமல் குவிந்து கொண்டிருக்கிற கோயில் சொத்துக்கும் வரி போட வேண்டும் என்று சட்டசபைக்குச் செய்தி அனுப்பினார். நாஸ்திகப் போதனையும் பள்ளியில் வேண்டாம் என்று அதே செய்தியில் சொன்னார். அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். பள்ளிக்கூடப் பணத்தைப் பற்றிய திருத்தம் 1876-ல் செனட்டில் தோற்றது.

கை தளர்ந்தது

ஆனால் 1873-ல் பெரிய பணநெருக்கடி வந்தது. அவர் நம்பின சிநேகிதர்களும் உத்தியோகஸ்தர்களும் லஞ்சத்தில் சிக்கினார்கள். சாராய வரிக் கொள்ளை 1875-ல் வெளியாயிற்று. அவர் கை சுத்தமாயிருந்தாலும் அவரைச் சுற்றியிருந்த கைகள் சுத்தமாயில்லை. வடக்கத்தி ஜனங்களும் கறுப்பர் பேச்சைக் கேட்டுச் சலித்துப் போனார்கள். 1873-ல் லூயிசியானாவில் கோல்பாக்ஸ் என்ற ஊரில் கறுப்பு மக்களைக் கூட்டமாகக் கொன்றார்கள். 1876-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தண்டனை பெற்ற சிலரையும் விடுவித்துவிட்டது. 1875-ல் மிசிசிப்பியில் கொலைகள் நடந்து, துணைக்குப் பட்டாளம் கேட்ட போது கிராண்டே தயங்கி நின்றுவிட்டார். 1877-ல், அவர் பதவி விட்ட கொஞ்ச காலத்திலேயே, காவல் பட்டாளம் விலக்கப்பட்டது.

பிறகு என்ன நடந்தது? 15-வது திருத்தத்தை யாரும் அழிக்கவில்லை. புத்தகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் ஓட்டுக்கு வரி, ஓட்டுக்குப் பரீட்சை, தனி வண்டி, தனிப் பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. அந்தத் திருத்தத்துக்கு உயிர் கொடுக்க 1965-ல் மறுபடியும் ஒரு ஓட்டுரிமைச் சட்டம் வேண்டியிருந்தது. தோழர்களே! 95 வருஷம்! மூன்று தலைமுறை!

கதை எழுதியவர் யார்?

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. யுத்தத்தில் தோற்றவர்கள் சரித்திரத்தில் ஜெயித்துவிட்டார்கள். லீயைத் தெய்வப் பிறவி ஆக்கினார்கள். 1890-ல் ரிச்மண்டில் பெரிய சிலை வைத்தார்கள். கிராண்டைக் குடிகாரன் என்றும், கசாப்புக்காரன் என்றும் புத்தகங்களில் எழுதினார்கள். 1915-ல் கிளான்காரர்களை வீரர்களாகக் காட்டிய ஒரு சினிமாப் படம் வந்தது. அதே வருஷம் கிளானும் மறுபடி முளைத்தது. லீயின் அந்தச் சிலை 2021-ல்தான் இறங்கிற்று. நம் புராணங்களில் அசுரன் என்று யாரை எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று நாம் கேட்கிறோமே, அதே கேள்விதான் இது. கதையைப் படிக்குமுன் எழுதினவன் யார் என்று கேளுங்கள்.

கிராண்ட் கடைசியில் 1884-ல் ஒரு மோசக்காரக் கூட்டாளியை நம்பி எல்லாவற்றையும் இழந்தார். தொண்டையில் புற்றுநோய். குடும்பத்துக்குச் சாப்பாட்டு வழி வேண்டுமே என்று தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். விழுங்க முடியாமலும், பேச முடியாமலும், நாற்காலியில் உட்கார்ந்து எழுதி முடித்தார். முடித்த சில நாளில், 1885 ஜூலை 23-ந் தேதி இறந்தார். அந்தப் புத்தகம் குடும்பத்தைக் காப்பாற்றிற்று.

ஆகவே தோழர்களே! இவருக்கு மாலை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1871-ல் அவர் நிறைவேற்றுவித்த சட்டத்தின் ஒரு பிரிவைக் கொண்டுதான் இன்றைக்கும் அந்நாட்டில் ஏழை மனிதன், தன் உரிமையைப் பறித்த போலீஸ்காரன் மேலும் அதிகாரியின் மேலும் வழக்குப் போடுகிறான். உபயோகிக்கிறவன் இருப்பதால் அந்தச் சட்டம் உயிரோடிருக்கிறது. சட்டம் வந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று எண்ணினவர்கள் 95 வருஷம் ஏமாந்தார்கள். நாம் தூங்காமலிருக்க வேண்டும்.